15 மறுப்புகளைத் தாண்டி விற்ற தொடர்: ஒரு பிட்ச் தொகுப்பின் நிகழ்வு ஆய்வு

ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ் என்ற அமெரிக்கத் திகில் தொடரின் முதல் சீசன் 2016 ஜூலை 15 அன்று நெட்ஃப்ளிக்ஸில் வெளியானது. விற்கக் கொண்டுபோனபோது அதற்கு வேறு பெயர், வேறு ஊர். தலைப்பு ‘மான்டாக்’, கதை நடக்கும் இடம் அமெரிக்காவின் லாங் ஐலண்டில் அதே பெயரில் இருக்கும் கடற்கரை ஊர். எழுதியவர்கள் மேட் டஃபர், ராஸ் டஃபர் என்ற இரட்டையர். பைலட் (முதல் எபிசோடு) திரைக்கதை ஒன்று, கதையை நிறுவனங்களிடம் சொல்லி விற்பதற்கான 20 பக்கப் பிட்ச் புத்தகம், இவற்றை வைத்துக்கொண்டு சுமார் 15 நிறுவனங்களுக்கு ஏறி இறங்கினார்கள். ஒருவரும் வாங்கவில்லை. 2015 தொடக்கத்தில் ஷான் லெவியின் 21 லேப்ஸ் தயாரிப்பு நிறுவனம் கைகோத்தது. அதன் பிறகு நெட்ஃப்ளிக்ஸில் கதை சொன்ன 24 மணி நேரத்துக்குள் முழு சீசனும் விற்றுவிட்டது.

விடாமுயற்சிக்கு உதாரணமாகவே இதைப் பெரும்பாலும் சொல்வார்கள். பிட்ச் தயாரித்துக்கொண்டிருப்பவருக்கு அதைவிடப் பயன்படும் கேள்வி ஒன்று உண்டு: விற்கும்வரை இதில் எது அசையவில்லை, விற்ற பிறகு எது மாறியது? ஊர் மாறியது, தலைப்பு மாறியது. சிறுவர்கள்தான் நாயகர்கள் என்பது மாறவில்லை. பயத்தின் அளவு குறையவில்லை. எட்டு மணி நேரக் கதை என்ற வடிவமும் அப்படியே நின்றது. கதையின் உயிர் எது, விட்டுக்கொடுக்கக் கூடியது எது என்பதை ஸ்டூடியோவின் கதவைத் தட்டும் முன்பே பிரித்து வைத்திருக்க வேண்டும். தொகுப்பில் உள்ள ஒவ்வொரு தாளும் அந்தப் பிரிப்பிலிருந்துதான் எழுத வேண்டும்.

கையில் இருந்த சரக்கு

அந்த நேரத்தில் டஃபர் சகோதரர்கள் பெயரைச் சொல்லி விற்கும் நிலையில் இல்லை. வார்னர் பிரதர்ஸ் நிறுவனத்துக்காக ‘ஹிடன்’ என்ற ஒரு முழுநீளப் படம் எடுத்திருந்தார்கள்; ‘வேவர்ட் பைன்ஸ்’ தொடரின் எழுத்தாளர் குழுவில் வேலை பார்த்திருந்தார்கள். ஸ்டீபன் கிங்கின் ‘இட்’ நாவலைப் படமாக்க வாய்ப்புக் கேட்டு, அது கிடைக்காமலும் போயிருந்தது. பெயர் பலம் இல்லாதவர் பிட்சுக்குப் போகும்போது எழுத்து முழுதாக இருந்தாக வேண்டும். புகழ்பெற்ற இயக்குநர் வாய்மொழியாக ஒரு பத்தி சொல்லி விற்றுவிடலாம். புதியவருக்கு அது நடக்காது. எனவே பைலட் முதலில். ஒரு மணி நேர நாடகத் தொடர் என்றால் 50 முதல் 60 பக்கம், ஒரு பக்கத்துக்கு ஒரு நிமிடம் என்பது கணக்கு. 65 பக்கத்தைத் தாண்டினால் படிப்பவர் கதையை மறந்து எதை வெட்டலாம் என்று யோசிக்கத் தொடங்குவார். டஃபர்கள் எழுதிய பைலட், பிறகு படமாக்கியதற்கு மிக நெருக்கமாகவே இருந்தது. விற்ற பொருளும் எடுத்த பொருளும் ஒன்று என்பது பலரும் நினைப்பதைவிட அரிதான விஷயம்.

அடுத்தது பிட்ச் புத்தகம். பழைய ஸ்டீபன் கிங் பேப்பர்பேக் நாவலைக் கையில் எடுத்தது போன்ற தோற்றத்தில் அதை வடிவமைத்திருந்தார்கள். அலங்காரத்துக்காகச் செய்த வேலையாக இதை நினைத்துவிடக் கூடாது. அட்டையைப் பார்த்ததுமே காலம் 80-கள், வகை திகில், வாசகர் பெரியவர் என்று மூன்று விஷயம் ஒரு வரிகூடப் படிக்காமல் புரிந்துவிடுகிறது. பல பிட்ச் புத்தகங்கள் இந்த மூன்றையும் சொல்ல நான்கு பக்கம் எடுத்துக்கொள்கின்றன.

20 பக்கத்தை எப்படிப் பங்கிடுவது? நடைமுறையில் நன்றாக வேலை செய்யும் ஒரு கணக்கு இது: அட்டை 1, லாக்லைனும் (கதையைச் சில வரியில் சொல்வது) ஒரு பத்திச் சுருக்கமும் 1, கதையின் உலகம் 2, பாத்திரங்கள் 6, பைலட் 2, சீசனின் ஓட்டம் 3, தொனியும் காட்சி மொழியும் 3, அடுத்த சீசன்கள் 1, குழு 1. இதில் பாத்திரங்களுக்குத்தான் அதிக இடம், கெட்டுப்போவதும் அங்கேதான். வயது, படிப்பு, குடும்பம் என்று வாழ்க்கைக் குறிப்பு எழுதி வைத்திருப்பார்கள். வாங்குபவருக்கு வேண்டியவை மூன்று: இவருக்கு என்ன வேண்டும், நெருக்கடியில் என்ன செய்வார், யாரிடம் எதை மறைக்கிறார். ஒரு பாத்திரத்துக்கு 80 முதல் 100 சொல் போதும். முதன்மைப் பாத்திரங்கள் ஆறுக்கு மேல் போனால் மீதிப் பேரை ஒரே பக்கத்தில் இரண்டிரண்டு வரியாக அடக்கிவிடலாம்.

சீசனின் ஓட்டத்தில் முடிவைச் சொல்லியே ஆக வேண்டும். ‘ஆர்வத்தைத் தூண்டுவோம்’ என்று முடிவை மறைத்தால், முடிவு இன்னும் எழுதப்படவில்லை என்றே படிப்பவர் எடுத்துக்கொள்வார். எட்டு எபிசோடு என்றால் ஒவ்வொன்றுக்கும் நான்கைந்து வரி. ஒவ்வொரு எபிசோடும் எந்தக் கேள்வியோடு முடிகிறது என்பது கடைசி வரி. நாலாவது, ஐந்தாவது எபிசோடுகளில் கடைசி வரி வெறும் தகவலாக இருந்தால், அங்கே கதை நின்றுவிட்டது என்று பொருள். எட்டு எபிசோடுக் கதை உண்மையில் ஆறு எபிசோடுக் கதைதான் என்பது பெரும்பாலும் இந்தத் தாளில்தான் தெரியவரும். கேட்பவர் அதைக் கண்டுபிடிக்கும் முன் எழுதியவரே கண்டுபிடித்துவிடுவது நல்லது.

லாக்லைனைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். இந்தக் கதைக்கே ஒருவர் இப்படி எழுதக்கூடும்: ‘ஒரு சிறு ஊரில் நடக்கும் மர்மங்களையும் நட்பின் வலிமையையும் சொல்லும் விறுவிறுப்பான தொடர்.’ இதில் யாரும் எதையும் செய்யவில்லை. மாற்றி எழுதினால்: ‘1983. பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் காணாமல் போகிறான். அவனைத் தேடி இரவில் காட்டுக்குள் போகும் மூன்று நண்பர்கள், அரசாங்க ஆய்வுக்கூடத்திலிருந்து தப்பி வந்த, மனதாலேயே பொருளை அசைக்கும் ஒரு சிறுமியைக் கண்டெடுக்கிறார்கள். அவளைத் தேடி வருபவர்களுக்கும் நண்பன் மறைந்த இடத்துக்கும் ஒரே வாசல்.’ யார், என்ன வேண்டும், எது தடுக்கிறது எல்லாம் வந்துவிட்டன. ‘வலிமை’, ‘விறுவிறுப்பு’, ‘மனதைத் தொடும்’ போன்ற தீர்ப்புச் சொற்கள் எல்லாம் போய்விட்டன. அவற்றைச் சொல்ல வேண்டியவர் கேட்பவர்.

மறுத்தவர்கள் சொன்னது

மறுப்புகளில் இரண்டு வகை ஆலோசனை திரும்பத் திரும்ப வந்தது. ஒன்று, ‘சிறுவர்கள் நாயகர்கள் என்றால் இதைச் சிறுவர் தொடராக மாற்றுங்கள்.’ மற்றொன்று, ‘சிறுவர்களை எடுத்துவிட்டு, காவல் அதிகாரி ஹாப்பரின் துப்பறிதலை மையமாக்குங்கள்.’

இரண்டும் நேரெதிர் யோசனைகள். எதிரெதிர் ஆலோசனைகள் ஒரே இடத்தைத் தொட்டு வரும்போது, குறை அந்த இடத்தில் எழுதப்பட்டதில் இல்லாமல் இருக்கலாம். வாங்குபவரின் அட்டவணையில் அதற்கு இடம் இல்லை என்பதே காரணமாக இருக்கலாம். சிறுவர் நடித்தால் சிறுவர் அலைவரிசை, திகில் என்றால் இரவு நேரப் பெரியவர் அலைவரிசை என்று பிரிந்திருந்த நிறுவனங்களுக்கு, இரண்டும் சேர்ந்த பொருளை எந்தத் துறையில் சேர்ப்பது என்பதே தெரியவில்லை. நெட்ஃப்ளிக்ஸுக்கு அப்போது நேர அட்டவணை என்பதே கிடையாது. பைலட்டை எடுத்துப் பார்க்காமல் நேரடியாக சீசனை வாங்கும் பழக்கமும் அதற்கு இருந்தது. 2011-இலேயே ‘ஹவுஸ் ஆஃப் கார்ட்ஸ்’ தொடரை 26 எபிசோடுகளுக்கு மொத்தமாக எடுத்திருந்தது. கதையை மாற்றாமல் கடையை மாற்றியதும் பொருள் விற்றது.

ஆனால் எல்லா மறுப்பையும் ‘அவர்களுக்குப் புரியவில்லை’ என்று ஒதுக்கிவிட முடியாது. வேறுபடுத்த ஒரு வழி, ஒவ்வொரு சந்திப்பும் முடிந்த அன்றே ஒரு பதிவேட்டில் நாலு விஷயம் எழுதி வைப்பது: யார், எந்தப் பதவி, எந்த இடத்தில் கேள்வி கேட்டார், என்ன சொல்லி மறுத்தார். மூன்று பேர் ஒரே இடத்தில் ஒரே திசையில் குழம்பினால் எழுத்தில் ஓட்டை, திருத்த வேண்டும். ஒரே இடத்தில் ஆளுக்கொரு திசையில் இழுத்தால் சந்தையில் ஓட்டை. அடுத்த வாங்குபவரைத் தேட வேண்டும். ‘பிடித்திருக்கிறது, ஆனால் எங்களிடம் இதே போல் ஒன்று இருக்கிறது’ என்பது முகத்துக்கு நேரே சொல்லும் மரியாதையாகவும் இருக்கலாம், உண்மையாகவும் இருக்கலாம். அந்த நிறுவனத்தின் அறிவிப்புகளை முன்கூட்டியே பார்த்திருந்தால் சந்திப்பையே தவிர்த்திருக்கலாம்.

இன்னொன்று. பெரிய நிறுவனங்களில் மறுத்த திட்டங்கள் பதிவாகிவிடும். அதே தாள்களோடு ஆறு மாதம் கழித்துப் போனால் பழைய குறிப்புதான் முதலில் திறக்கும். புதிய இயக்குநர், புதிய தயாரிப்பாளர், முக்கிய நடிகர் என்று ஏதாவது ஒரு பெரிய அம்சம் மாறியிருந்தால்தான் மீண்டும் கேட்பார்கள். அதனால் முழுதாகத் தயாராகாத தொகுப்பை ‘சும்மா கருத்துக் கேட்கலாம்’ என்று வாங்கும் அதிகாரியிடம் காட்டுவது பெரிய இழப்பு. கருத்துக் கேட்க எழுத்தாளர் நண்பர்கள் இருக்கிறார்கள்.

போலி ட்ரெய்லர்

இந்தத் தொகுப்பின் பலமான ஆயுதம் இது. 25-க்கும் மேற்பட்ட படங்களிலிருந்து துண்டுகளை எடுத்து ஒரு போலி ட்ரெய்லர் வெட்டினார்கள். பின்னணியில் திகில் பட இயக்குநர் ஜான் கார்ப்பென்டரின் சின்தசைசர் இசை. ‘ஈ.டி.’ படத்துக் காட்சிகளின் மேல் கார்ப்பென்டர் இசையை வைத்த பகுதியும் அதில் இருந்தது. அதுவரை ‘சிறுவர்களும் திகிலும் எப்படி ஒட்டும்’ என்று எல்லா அறையிலும் கேட்ட கேள்விக்கு வாயால் பதில் சொல்ல முடியவில்லை. சைக்கிள் ஓட்டும் சிறுவனின் மேல் அந்த இசை விழுந்ததும் பதில் கண்ணுக்கும் காதுக்கும் ஒன்றாகக் கிடைத்தது. பிறகு தொடருக்கே சின்தசைசர் இசை என்று அவர்கள் உறுதியானதற்கும் இந்த ட்ரெய்லர்தான் வழி.

தொனிதான் சொல்லிப் புரியவைக்க மிகக் கடினமானது. ‘இருண்ட, ஆனால் நகைச்சுவை கலந்த’ என்று எழுதினால் பத்துப் பேர் பத்து விதமாகக் கற்பனை செய்வார்கள். அதனால் தொகுப்பில் எந்தக் கேள்வி வாயால் தீராததோ, அதற்கு மட்டும் ட்ரெய்லரைப் பயன்படுத்த வேண்டும். கதைச் சுருக்கத்தை மறுபடி சொல்ல அது தேவையில்லை.

வெட்டும் முறை: முதலில் இசை. 90 முதல் 150 நொடி நீளத்துக்கு இசையை வெட்டி, ஏறும் இடமும் நிற்கும் இடமும் முடிவான பிறகே காட்சிகளைத் தேட வேண்டும். காட்சியை முதலில் அடுக்கினால் துண்டுகளின் பழைய தாளமே எஞ்சி நிற்கும். பிரபல நடிகரின் முகம் தெரியும் ஷாட் வேண்டாம், பார்ப்பவர் அந்த நடிகரின் படத்துக்குள் போய்விடுவார். முதுகு, கை, வாசல், சாலை, விளக்கு, ஓடும் கால் போன்றவை நன்றாக ஒட்டும். எல்லாத் துண்டுக்கும் ஒரே நிறத் திருத்தம் செய்து, ஒரே அகலத்துக்கு வெட்டினால் பாதி ஒட்டு மறைந்துவிடும். எழுத்து அட்டைகள் ஐந்துக்குள், வசனம் மூன்று வரிக்குள்.

இந்தத் துண்டுகளின் உரிமை வேறொருவருடையது. மூடிய அறையில் தொனியைக் காட்டிவிட்டு எடுத்துவைப்பது தொழிலில் நடக்கும் வழக்கம்; அதைப் பொதுவில் ஏற்றுவதும், விளம்பரத்துக்குப் பயன்படுத்துவதும், திட்டத்தின் சொத்தாக ஒப்பந்தத்தில் சேர்ப்பதும் தவறு. கடவுச்சொல் போட்ட இணைப்பாகக் கொடுத்து, பதிவிறக்கத்தை அடைத்து, சந்திப்பு முடிந்த இரண்டு வாரத்தில் நீக்கிவிட வேண்டும். செயற்கை நுண்ணறிவில் உருவாக்கிய படங்களைப் பிட்ச் புத்தகத்தில் வைப்பவர்கள் அதை அங்கேயே குறிப்பிட்டுவிட வேண்டும். வாங்கும் நிறுவனத்தின் சட்டப் பிரிவு பின்னால் கேட்கும்போது சொல்வது சங்கடத்தில் முடியும்.

லெவி கொண்டுவந்தது என்ன

21 லேப்ஸில் பணியாற்றிய டான் கோஹன் திரைக்கதையை ஷான் லெவியிடம் கொண்டுபோனார். லெவி ‘நைட் அட் தி மியூசியம்’ படங்களை இயக்கியவர். பெரிய பட்ஜெட் படங்களை எடுத்து முடித்துக் கொடுத்தவர். அவர் வந்ததால் கதையின் மையம் எதுவும் மாறிவிடவில்லை. ‘அனுபவம் இல்லாத இருவர் எட்டு மணி நேரத்தை எடுத்து முடிப்பார்களா’ என்ற, யாரும் வாய்விட்டுக் கேட்காத கேள்விக்குத்தான் பதில் கிடைத்தது. முதல் சீசனின் எட்டில் ஆறு எபிசோடுகளை டஃபர்களும், மூன்றாவது நான்காவதை லெவியும் இயக்கினார்கள்.

தயாரிப்பாளரைச் சேர்க்கும்போது அவர் எந்தச் சந்தேகத்தைத் தீர்க்கிறார் என்று ஒரு வரியில் எழுத முடிய வேண்டும். பணமா, அனுபவமா, ஒரு குறிப்பிட்ட நிறுவனத்தில் நேரடி அறிமுகமா? மூன்றும் இல்லாமல் பெயருக்கு ஒருவரைச் சேர்த்தால் பங்கு மட்டும் குறையும். ஒப்பந்தமும் கவனிக்க வேண்டியது. உரிமையைக் கொடுக்காமல், குறிப்பிட்ட காலத்துக்கு அவர் மட்டும் திட்டத்தைக் கொண்டுபோகலாம் என்று எழுதுவது ஷாப்பிங் ஒப்பந்தம். பெரும்பாலும் 6 முதல் 12 மாதம். குறிப்பிட்ட தொகைக்கு உரிமையை வாங்கும் முன்னுரிமையைக் கொடுப்பது ஆப்ஷன். 12 முதல் 18 மாதம், நீட்டிப்புக்குத் தனித் தொகை. இரண்டிலும் அவர் எந்தெந்த நிறுவனத்துக்குக் கொண்டுபோனார் என்ற பட்டியலை எழுத்தில் தர வேண்டும் என்ற வரி இருக்கட்டும். காலம் முடிந்து திட்டம் திரும்பி வரும்போது எந்தக் கதவு ஏற்கெனவே மூடியது என்று தெரியாவிட்டால், அடுத்த தயாரிப்பாளர் தொடமாட்டார்.

அறைக்குள் 20 நிமிடம்

சந்திப்பு அரை மணி அல்லது 45 நிமிடம் என்று ஒதுக்குவார்கள். அறிமுகப் பேச்சு, கேள்விகள் போகக் கதைக்கு 20 நிமிடம். நிதானமாகப் பேசினால் அது சுமார் 2000 சொல். எழுதி, நேரம் பார்த்துப் பேசிப் பழகி, பிறகு தாளை விட்டுவிட வேண்டும். முதல் இரண்டு நிமிடத்துக்குள் முதல் காட்சியைத் தொட்டுவிடுவது நல்லது. உலகத்தின் விதிகளை விளக்கி ஆரம்பிக்கும் பிட்ச், முதல் ஐந்து நிமிடத்திலேயே கேட்பவரைத் தொலைத்துவிடும்.

கதை கேட்பவர் பெரும்பாலும் முடிவெடுப்பவர் இல்லை. அவர் மாலையில் தன் மேலதிகாரியிடம் இதையே இரண்டு நிமிடத்தில் திருப்பிச் சொல்லப்போகிறார், எழுதியவர் அருகில் இல்லாமல். அந்த இரண்டு நிமிடத்தை அவர் கையில் கொடுத்து அனுப்புவதுதான் பிட்சின் வேலை. இதைச் சோதிக்க ஒரு வழி: கதை தெரியாத ஒருவருக்கு 20 நிமிடப் பிட்சைச் சொல்லுங்கள். மறுநாள் அவரைக் கூப்பிட்டு வேறொருவருக்குச் சொல்லச் சொல்லுங்கள். அவர் விட்ட இடங்களையும் தவறாகச் சொன்ன இடங்களையும் குறித்து, அங்கே மட்டும் திருத்துங்கள். பெயர்கள்தான் முதலில் தொலையும். ஐந்து பெயருக்கு மேல் சொல்லாமல், மற்றவர்களை ‘தாய்’, ‘காவல் அதிகாரி’ என்று உறவாலும் வேலையாலும் குறிப்பது உதவும்.

ஒப்பீடு சொல்ல வேண்டியிருக்கும். இரண்டு படைப்பு போதும். ஒன்று தொனிக்கு, ஒன்று பார்வையாளருக்கு. உலகப் புகழ்பெற்ற வெற்றியை மட்டும் ஒப்பிட்டால் எதுவும் சொன்னதாகாது. யார் பார்ப்பார்கள் என்ற கேள்விக்கு ‘எல்லாரும்’ என்று பதில் சொன்னவரிடம் அடுத்த கேள்வி வராது.

பல நிறுவனங்களுக்குச் சொல்வதென்றால் இரண்டு வாரத்துக்குள் முடியும்படி அடுக்க வேண்டும். மிகவும் விரும்பும் நிறுவனத்தை முதல் நாளில் வைக்காமல், இரண்டு மூன்று சந்திப்புகளில் பேச்சு படிந்த பிறகு வைக்கலாம். ஆனால் வாரக்கணக்கில் தள்ளினால் முதலில் ஆர்வம் காட்டியவர் ஆறிவிடுவார். இரண்டு பேர் ஒரே நேரத்தில் கேட்கும் வாய்ப்பும் போய்விடும்.

விற்ற பிறகு மாறியவை

லாங் ஐலண்டுப் பகுதியில் குளிர்காலத்தில் படப்பிடிப்பு நடத்துவது சிரமம் என்பதால் அட்லாண்டாவைச் சுற்றியுள்ள பகுதிகளில் எடுக்க முடிவானது. மான்டாக் என்ற உண்மையான ஊர் போய், இண்டியானா மாநிலத்தில் ஹாக்கின்ஸ் என்ற கற்பனை ஊர் வந்தது. ஊர் போனதும் தலைப்பும் போனது. புதிய தலைப்பைத் தேடுவதில் வாக்குவாதம் பலமாகவே நடந்தது. நடிகர் தேர்வும் விற்ற பிறகுதான்.

இந்த மாற்றத்தால் கதை தளரவில்லை, கற்பனை ஊரில் கூடுதல் சுதந்திரமே கிடைத்தது. ஊர், உயிர் இருக்கும் இடம் இல்லை என்பதுதான் காரணம். பிட்சுக்குப் போகும் முன் மூன்று பத்தி போட்ட ஒரு தாளை எழுதி வைத்துக்கொள்ளலாம். முதல் பத்தி, மாறக்கூடாதவை: இந்தத் தொடருக்கென்றால் சிறுவர் நாயகர்கள், அசல் திகில், முடிவுள்ள எட்டு மணி நேரம். இரண்டாவது, மாறலாம்: ஊர், தலைப்பு, ஆண்டில் இரண்டு மூன்று முன்பின். மூன்றாவது, விலைக்கு மாறலாம்: கடற்கரை போனால் எந்தெந்தக் காட்சி போகும், அதற்கு ஈடாக என்ன எழுதுவோம். மூன்றாவது பத்தி எழுதியவரால் மட்டும்தான் அறையில் ‘ஊரை மாற்ற முடியுமா’ என்ற கேள்விக்குத் திணறாமல் பதில் சொல்ல முடியும். முதல் பத்தியில் பத்து விஷயம் இருந்தால் தாளைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதுவதே நல்லது. மூன்று, மிஞ்சினால் நான்கு.

தேதி போட்ட தாள்கள்

2018 ஏப்ரலில் ஒரு குறும்பட இயக்குநர், மான்டாக் பற்றிய தன் யோசனையை ஒரு விருந்தில் சொன்னதாகவும் அதையே எடுத்துக்கொண்டதாகவும் டஃபர்கள் மேல் லாஸ் ஏஞ்சலஸில் வழக்குத் தொடுத்தார். எழுத்தில் எதுவும் இல்லாவிட்டாலும், யோசனையைச் சொன்ன சூழலே ஓர் ஒப்பந்தம் என்பது வாதம். விசாரணைக்கு முன்பே தள்ளுபடி செய்யக் கேட்டதை நீதிமன்றம் ஏற்கவில்லை. 2019 மே மாதம், விசாரணை தொடங்கும் தறுவாயில், வழக்குத் தொடுத்தவரே அதைத் திரும்பப் பெற்றார். 2010-ஐயும் 2013-ஐயும் சேர்ந்த ஆவணங்கள், டஃபர்கள் தாங்களாகவே இந்தத் தொடரை உருவாக்கியதைக் காட்டுகின்றன என்று அவரே அறிக்கையில் சொன்னார்.

தொடர் விற்பதற்கு ஐந்து ஆண்டு முன் எழுதிய சாதாரணக் குறிப்புகள்தான் காப்பாற்றின. ஆகவே பிட்சுக்குப் போகும் கோப்பில் கதைக் குறிப்பின் ஒவ்வொரு வடிவமும் தேதியோடு, அழிக்காமல் இருக்கட்டும். புதிய வடிவத்தைப் பழையதன் மேல் சேமிக்கக் கூடாது. பைலட்டையும் பிட்ச் புத்தகத்தையும் எழுத்தாளர் சங்கத்திலோ பதிப்புரிமை அலுவலகத்திலோ பதிவு செய்த சான்று, சந்திப்பின் தேதியும் இருந்தவர்களின் பெயரும், சந்திப்பு முடிந்த அன்றே அனுப்பிய நன்றி மின்னஞ்சல், இவையும் அதே கோப்பில். சில நிறுவனங்கள் கதை கேட்கும் முன்பே ஒரு ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துக் கேட்கும். இதே போன்ற யோசனை எங்களிடமும் இருக்கலாம், உரிமை கோரமாட்டேன் என்று அதில் இருக்கும். முகவரோ வழக்கறிஞரோ வழியாகப் போனால் அது பெரும்பாலும் தேவைப்படாது.

கதை யாருக்குச் சொந்தம் என்று காட்டும் ஆவணங்களின் தொடர்தான் உரிமைச் சங்கிலி; அதில் மிக அதிகமாக அறுந்துபோகும் கண்ணி கூட்டு எழுத்து. இருவர் சேர்ந்து எழுதி, நண்பர்கள்தானே என்று எதுவும் எழுதிக்கொள்ளாமல், விற்கும் நேரத்தில் ஒருவர் ஒதுங்கிவிட்டால், வாங்கும் நிறுவனத்தின் சட்டப் பிரிவும் காப்பீடு கொடுப்பவரும் அங்கேயே நிறுத்திவிடுவார்கள். யாருக்கு எத்தனை பங்கு, பெயர் எந்த வரிசையில் வரும், ஒருவர் விலகினால் எழுதியது யாரிடம் தங்கும் என்ற மூன்றும் உள்ள இரண்டு பக்க ஒப்பந்தத்தில், முதல் சந்திப்புக்கு நாள் குறிப்பதற்கு முன்பே இருவரும் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். நாவலையோ உண்மை நிகழ்வையோ தழுவியது என்றால் மூல உரிமைக் கடிதமும் அதோடு.